ஓடையோரத்து ஆறு வரிசை

அந்தச் சிவப்பு நாடாவ எதுக்கு தாயி கட்டுனீங்க?

இல்ல, கட்டுங்க, நான் வேணாம்னு சொல்லல. தோட்டக்கலை ஆபீசுலருந்து வந்திருக்கீங்க, கட்டுவீங்க. சும்மா கேட்டேன். அங்கிட்டு மேட்டுப் பக்கம் பதினாறு வரிசை செத்துக்கிட்டிருக்கு, அதுல ஒரு கொடிக்குக்கூட நீங்க நாடா கட்டல. இந்த ஓடையோரத்து ஆறு வரிசைக்கு மட்டும் கொடிக்குக் கொடி கட்டிக்கிட்டே வர்றீங்க. அதான் கேட்டேன்.

"இந்த வரிசைய யாரு பாத்துக்கிட்டது"ன்னு கேட்டீங்கள்ல. நான்தான். குருவம்மா. இல்லன்னு சொன்னா நிக்குமா? கவாத்து மேஸ்திரி மொக்கைச்சாமிகிட்டக் கேட்டா அவரே சொல்லிருவாரு. பதினோரு வருசமா இராசாங்கம் மொதலாளி திராட்சத் தோட்டத்துலதான் வேலை செய்றேன். ஆம்பளைக கத்திரியோட பந்தலுக்கடியில கொடியக் கவாத்து வெட்டிக்கிட்டே முன்னால போவாக. நாங்க பொம்பளைக நாலு பேரு வாளியத் தூக்கிக்கிட்டுப் பின்னாலயே போயி வெட்டுன வாயில மருந்து பூசுவோம். அண்ணாந்துக்கிட்டேதான் பூசணும். மூஞ்சியெல்லாம் சொட்டும். கவாத்து முடிஞ்சு ஒரு வாரத்துக்கு எங்க நகக்கண்ணு நீலமாத்தான் இருக்கும், சோத்துல கைய வைக்கவே கூசும்.

தாயி, அந்த ரம்பத்த பைக்குள்ள வச்சிருங்களேன். அதைப் பாத்தா எனக்குப் பேச்சு வர மாட்டேங்குது.

உக்காருங்க. இங்கன, இந்தக் கல்லுக்காலுக்குப் பக்கத்துல. பாம்பா? மொதலாளி சொன்னாராக்கும். ஆமா, இருக்குன்னு சொல்லுவாக. நீங்க பயப்படாம உக்காருங்க, அது ஒண்ணும் பண்ணாது.

எனக்கு இந்த நோயி நல்லாத் தெரியும். மொதலாளிக்குக் கீழத் தோட்டம்னு ஒண்ணு இருந்துச்சு, இப்ப வெறும் பொட்டலாக் கெடக்கே, அதுதான். பன்னீர்த் திராட்ச. கொத்து ஒண்ணு தூக்கிப் பாத்தா கை கனக்கும். அது ஒவ்வொரு கொடியா பட்டுப் போச்சு. மொதல்ல எலை சிறுத்துச்சு. பெறகு ஒரு பக்கத்துக் கை, கெளையத்தான் சொல்றேன், அது மட்டும் துளுக்காம நின்னுச்சு. தண்ணி பத்தலன்னாக, உரம் பத்தலன்னாக, யாரோ செய்வினை வச்சிட்டாகன்னுகூடச் சொன்னாக. அப்பதான் உங்களுக்கு முன்னால ஒரு சாரு வந்தாரு, கண்ணாடி போட்டவரு. அவரும் இதே மாதிரி ரம்பம் வச்சிருந்தாரு. அடிக்கட்டைய குறுக்கால அறுத்துக் காமிச்சாரு. வெளிய நல்ல கட்டை தாயி. உள்ள பாத்தா, அப்பளத்துல கால்வாசி கருகிப் போனா எப்படி இருக்கும், அப்படி முக்கோணமா ஒரு கருப்பு.

அவருக்குத் தண்ணி கொண்டாந்து குடுத்தது நான்தான். செம்ப வாங்கிக்கிட்டுப் போகாம அங்கனயே நின்னுட்டேன். அன்னைக்கு நின்னதுதான் எனக்கு வினையாப் போச்சு. அவரு சொன்னாரு, கவாத்து வெட்டுதான் இதுக்கு வாசல். ஒரு வகைப் பூஞ்சக் காளான். செத்த கட்டையிலயும் காஞ்ச சுள்ளியிலயும் ஒக்காந்திருக்கும், மழை விழுந்தா கெளம்பி வந்து பச்சை வெட்டுல எறங்கிரும். பூசாம விட்ட ஒரே ஒரு வெட்டு போதும்னாரு. இன்னைக்கு எறங்குனா மூணு வருசம், நாலு வருசம் கழிச்சுத்தான் தெரியும், அதுவரைக்கும் வெளிய பச்சையாத்தான் இருக்கும், உள்ள செத்துக்கிட்டிருக்கும்னாரு.

இதை இருபது பேரு கேட்டோம். எல்லாரும் டீயக் குடிச்சிட்டு மறந்துட்டாக. எனக்கு மட்டும் ஒரு எழுத்து மறக்கல. மறக்க முடியாதபடிக்கு ஒண்ணு செஞ்சு வச்சிட்டேன், அதான்.

எழுதுறீங்களா? எழுதுங்க. என் பேர மட்டும் கொஞ்சம் பொறுத்து எழுதுங்க.

அது ஆனி மாசம். கீழத் தோட்டத்தப் புடுங்கிப் போட்டு ஒரு மாசந்தான் ஆயிருக்கு. மொதலாளி அப்ப மனுசனாவே இல்ல. இந்த மேத் தோட்டம் இருபத்திரெண்டு வரிசைதான் அவருக்கு மிச்சம். கவாத்துக்குன்னு நாள் குறிச்சிருந்தாக. காலையில வந்து பாத்தா மேற்கே மலையே தெரியல, மேகம் மூடிருச்சு. மொக்கைச்சாமி சொன்னாரு, "சாரல் வரும்போல இருக்கு மொதலாளி, ரெண்டு நாள் பொறுத்து வெட்டுவோமே." மொதலாளி கேக்கல. மொக்கைச்சாமி ஆளுகளுக்கு மறுநாளு வேற தோட்டம். விட்டா பதினஞ்சு நாளைக்குக் கெடைக்க மாட்டாக. "இன்னைக்கே வெட்டு. பூசிட்டா ஒண்ணும் பண்ணாது"ன்னுட்டாரு.

பெறகு எங்க நாலு பேரையும் கூப்பிட்டு நிப்பாட்டி வச்சுச் சொன்னாரு. "ஒரு வெட்டு விடக் கூடாது. மழைக்கு முந்திப் பூசி முடிக்கணும். மயில்துத்தம் இம்புட்டுத்தான் இருக்கு, ஒரு சொட்டு கீழ சிந்துனாலும் நாளைக்கு வேலைக்கு வராத." எல்லாரையும் பாத்துத்தான் சொன்னாரு. ஆனா கண்ணு என்னைத்தான் பாத்துச்சு. எம் புருசன் சின்னமாயன் அந்தப் பங்குனியிலதான் குடிச்சிட்டு மருந்தடிக்கிற மிசினப் போட்டு ஒடச்சான். அவனத் தோட்டத்தவிட்டு வெரட்டிட்டு என்னை மட்டும் வச்சுக்கிட்டாரு. "உனக்கும் அவனுக்கும் சேத்து இதுதான் கடைசி குருவம்மா"ன்னு அன்னைக்கே சொல்லியிருந்தாரு.

மருந்து கரைக்கிறது உங்களுக்குத் தெரிஞ்சதுதான். மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, பத்து லிட்டர் தண்ணி. தனித்தனியா ஊற வச்சுக் கரைச்சு, பெறகு ஒண்ணாச் சேக்கணும். பிளாஸ்டிக் வாளியிலதான், தகரத்துல ஊத்துனா கெட்டுப் போகும். அருவா நுனிய முக்கிப் பாத்து, செம்பு நெறம் ஏறுச்சுன்னா இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு போடணும். சரியா வந்துச்சுன்னா வானத்து நெறத்துல தயிர் மாதிரி நிக்கும். அந்த நெறத்தப் பாத்துத்தான் மொதலாளி சரின்னு சொல்லுவாரு. அருவாளையெல்லாம் அவரு முக்கிப் பாக்க மாட்டாரு. நெறம் பாப்பாரு. எல்லாரும் நெறந்தான் பாப்போம்.

மத்தியானத்துக்குள்ள மேட்டு வரிசை பதினாறும் முடிஞ்சிருச்சு. மத்த மூணு பேரும் சாப்பிடப் போயிட்டாக. கடைசி வாளி என் கையில. ஆம்பளைக ஓடையோரம் ஆறு வரிசையையும் வெட்டி முடிச்சுட்டுப் போயிட்டாக, வெட்டுன வாயெல்லாம் தொறந்து கெடக்கு, மேல மேகம் எறங்கிக்கிட்டு வருது. சாப்பாடு பெறகு பாத்துக்கலாம்னு வாளியத் தூக்கிக்கிட்டு ஓடுனேன். வாய்க்கா மேல ஒரு பலகை கெடக்கும், பாசி புடிச்ச பலகை. கால் வச்சேன், வழுக்குச்சு, விழுந்துட்டேன். வாளிக் காது பிஞ்சு போச்சு. பத்து லிட்டர் மருந்தும் வாய்க்காலுல.

எனக்கு அடிபட்டுச்சான்னு பாக்கல தாயி. யாராச்சும் பாத்தாகளான்னு பாத்தேன். முட்டியில ரத்தம் வந்தது சாயங்காலந்தான் தெரியும். வாய்க்கா நெடுக நீலமா ஓடுது, அதைக் கால்ல சேத்த அள்ளி அள்ளி மூடுனேன். ஓடுற தண்ணிய சேத்தால மூட முடியுமா? மூடுனேன். அந்த நேரத்துல என்ன செய்றோம்னு தெரியல.

வீடு ஓடைக்கு அக்கரையில இருக்கு. ஓடுனேன். மாரியம்மன் திருவிழாவுக்கு வெள்ளை அடிச்சது போக சுண்ணாம்பு ஒரு பானை நீத்துக் கெடந்துச்சு. செவுத்துப் பொறைக்குள்ள சொட்டு நீலம் பாட்டில். வெள்ளைத் துணிக்குப் போடுறோம்ல, அதுதான். சுண்ணாம்புல நீலத்த ஊத்திக் கலக்குனேன். ஒரு சொட்டு, ரெண்டு சொட்டு, பாட்டில்ல பாதி. அச்சு அசலா அந்த நெறம். எம் புருசன் கட்டில்ல படுத்துக்கிட்டு, "என்னடி, வீட்டுக்கு நீல வெள்ளையா அடிக்கப் போற"ன்னு கேட்டான். நான் கலக்கிக்கிட்டே இருந்தேன்.

அதைக் கொண்டாந்து பூசுனேன். ஆறு வரிசைக்கும். வரிசைக்கு இருபது கொடி. ஒரு வெட்டு விடாம.

இப்பச் சொல்லிட்டேன். நாலு வருசமா எம் புருசன்கிட்டக்கூடச் சொன்னதில்ல. உங்க மூஞ்சியில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியல. கோவமா இருக்கா? எழுதிட்டீங்களா?

நாலு மணிக்குத் தூறல் விழுந்துச்சு. ரெண்டு நாளு விடாத சாரல். அதுக்கு முந்தி மொதலாளி வந்து இந்த ஆறாவது வரிசையில நின்னு அண்ணாந்து பாத்தாரு. "மத்தவளுக பூசுனதுல அங்கங்க விட்டுப் போயிருக்கு. இங்க ஒரு வெட்டு விடல. குருவம்மா கை கைதான்"ன்னாரு. கவாத்து முடிஞ்சா எங்களுக்குக் கறிச்சோறு போடுறது இந்தத் தோட்டத்து வழக்கம். அன்னைக்கு எனக்குத்தான் மொத எலை போட்டாரு. ஈரலா அள்ளி வச்சாரு. அந்த ஈரல் எனக்குத் தொண்டையில எறங்கல. அவரு வஞ்சிருந்தாக்கூட நான் அழுதுட்டுத் தூங்கியிருப்பேன்.

மழை வெறிச்ச அன்னைக்குக் கம்பம் டவுனுக்குப் போயி துத்தம் வாங்குனேன். கடைக்காரரு எதுக்குன்னு கேட்டாரு. மாட்டுக்குக் கால்ல புண்ணுன்னேன். "உனக்கு ஏது மாடு"ன்னாரு. அவருக்கு எல்லார் வீட்டு மாடும் தெரியும்போல. தங்கச்சி வீட்டு மாடுன்னு சொன்னேன். எனக்குத் தங்கச்சியும் இல்ல. அப்படித்தான் ஆரம்பிச்சுச்சு தாயி, பொய்யி.

வெள்ளன, வேலைக்கு ஆள் வர்றதுக்கு முந்தி வந்து, ஈரத் துணியால அந்த நீலத்தத் தொடச்சுத் தொடச்சு எடுத்துட்டு, நெச மருந்தப் பூசுனேன். மூணு விடியக்காலம். ஆனா ரெண்டு நாள் மழை போயிருச்சே. அந்த ரெண்டு நாளும் நூத்தி இருபது கொடியும் வாயத் தொறந்துக்கிட்டுல்ல கெடந்துச்சு. எறங்க வேண்டியது எறங்கியிருக்கும். அன்னைலருந்து எண்ண ஆரம்பிச்சேன். மூணு வருசம், நாலு வருசம்னு அந்தச் சாரு சொன்னது.

பெறகு நான் செஞ்சதையும் சொல்லிர்றேன். நீங்களா கண்டுபுடிச்சு எழுதுறதுக்கு நானே சொன்னதா இருக்கட்டும்.

மொத விசயம், அந்தப் பாம்பு. அடுத்த கவாத்து ஐப்பசியில வந்துச்சு. அன்னைக்கும் தூறல். மேட்டுப் பக்கம் வெட்டிக்கிட்டே வர்றாக. இந்த வரிசையில இன்னொரு மழை எறங்குனா அம்புட்டுத்தான். என்ன செய்யன்னு தெரியாம, "பாம்பு, பாம்பு"ன்னு கத்திட்டேன். ஆறாவது வரிசையில, கல்லுக்காலு பக்கத்துல, நல்ல பாம்புன்னேன். கத்திரியப் போட்டுட்டு எல்லாரும் ஓடிட்டாக. மொதலாளிக்குப் பாம்புன்னா உசுரே போயிரும், அவுக அண்ணன் பாம்பு கடிச்சுத்தான் செத்தாரு. நாலு நாள் கழிச்சு, நல்ல வெயில் அடிச்ச பெறகு, மொக்கைச்சாமியும் இன்னொரு ஆளும் வந்து கம்பால தட்டித் தட்டி இந்த ஆறு வரிசையையும் வெட்டுனாக. அதுலருந்து எப்ப மேகம் கட்டுனாலும் எனக்குப் பாம்பு தெரியும். ஒம்பது கவாத்துல ஆறு தடவை பாம்பு வந்துச்சு. மொதலாளி அன்னைலருந்து இன்னைக்கு வரைக்கும் இந்த வரிசைக்குள்ள கால் வச்சதில்ல. வரப்புல நின்னுதான் பாப்பாரு. "ஓடை ஈரத்துக்குப் பச்சையா இருக்கு"ன்னு சொல்லிட்டுப் போயிருவாரு.

ரெண்டாவது, திருட்டு. வெட்டிப் போட்ட சுள்ளியெல்லாம் மொதலாளிக்குத்தான் சொந்தம். மேட்டுப் பக்கத்துச் சுள்ளியும் பட்ட கட்டையும் அந்தா, வரப்புல மலையாக் குமிச்சிருக்காகள்ல, அது நாலு வருசத்துக் குமியல். வெறகுக்குன்னு வச்சதுதான், யாரும் எடுத்து எரிக்கல. இந்த ஆறு வரிசைச் சுள்ளிய மட்டும் நான் அன்னன்னைக்கே கட்டித் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போயி அடுப்புல வச்சிருவேன். ஒரு குச்சி விடாம. செத்த சுள்ளியிலதான் ஒக்காந்திருக்கும்னு அந்தச் சாரு சொன்னாரே, அது கண்ணு முன்னால கெடந்தா எனக்குச் சோறு எறங்காது. கேக்காம எடுத்தா திருட்டுதான, வேற என்ன பேரு.

மூணாவது, நானே கத்திரி எடுத்தது. எங்களுக்கு வெட்ட உரிமை கெடையாது தாயி. வெட்டுறது ஆம்பளைக வேலை. ஆனா மொக்கைச்சாமி ஆளுக நுனி கருத்துக் கெடந்தாலும் அப்படியே விட்டுட்டுப் போயிருவாக. நான் எம் புருசன் கத்திரியக் கொண்டாந்து, எங்க கருப்புத் தெரியுதோ அதுக்கு ஒரு சாண் கீழ, வெள்ளைக் கட்டை தெரியிற வரைக்கும் வெட்டி எறிவேன். எம்புட்டுக் கை போச்சுன்னு கணக்கே இல்ல. வெட்டுன கையோட பூசுவேன். கட்டைவெரல் தண்டி வெட்டுக்குப் பூசுனாப் போதும்பாக. நான் பென்சில் தண்டிக்கும் பூசுவேன். மறுநாள் வெடிய வந்து, காஞ்சு வெடிச்ச எடத்துல ரெண்டாந்தடவை பூசுவேன். மத்தவளுக, "ஏ குருவம்மா, கொடிக்குக் கண்ணு மையாடி வைக்கிற"ன்னு கேலி பண்ணுவாளுக. சிரிச்சுக்கிருவேன். எனக்குல்ல தெரியும்.

அம்புட்டுத்தான் நான் செஞ்சது. பொய், திருட்டு, அத்துமீறி வெட்டுனது. மொத நாளு நீலத்தையும் சேத்தா நாலு.

போன வருசந்தான் மேட்டுப் பக்கம் ஆரம்பிச்சுச்சு. சரியா மூணு வருசம் முடிஞ்சு. எலை சிறுத்து, ஓரம் கருகி, கொழுந்து குட்டையாப் போயி. மூணாவது வரிசையில ஒரு கை துளுக்கலன்னு மொக்கைச்சாமி சொன்னப்ப எனக்கு வாளி கையிலருந்து நழுவிருச்சு. எனக்குப் புரிஞ்சு போச்சு. இங்க எறங்குனது இங்கனயே இருக்குமா? காத்துல அங்கிட்டுப் போயிருக்கு. பூசாம விட்டவ நான், பட்டுப் போறது நல்லாப் பூசுன வரிசை. இதுக்கு மேல என்ன தண்டனை வேணும்? மொதலாளி இப்ப நாள் பூரா மோட்டார் ரூமுலயே ஒக்காந்திருக்காரு. ரெண்டு தோட்டமும் போச்சு அவருக்கு. அவரப் பாக்குறப்பெல்லாம் எலையில அள்ளி வச்ச அந்த ஈரல்தான் நெனப்புக்கு வருது.

நீங்க கேக்கலாம், உன் வரிசை பச்சையாத்தான இருக்கு, பெறகென்னன்னு. அதான் தாயி என் பயமே. வெளிய பச்சையா இருக்கும், உள்ள செத்துக்கிட்டிருக்கும்னு சொன்னாரே. மத்தது செத்துச்சுன்னா செத்துச்சுன்னு தெரியுது. இது ஒவ்வொரு நாளும் பச்சையா நின்னுக்கிட்டு என்னைப் பாத்துக்கிட்டிருக்கு. எலை ஒண்ணு மஞ்சளா விழுந்தா எடுத்து மடியில கட்டிக்கிட்டுப் போயிர்றேன், யாரும் பாக்குறதுக்கு முந்தி.

இப்ப நீங்க சிவப்பு நாடா கட்டிட்டீங்க.

எங்க எந்திரிக்கிறீங்க? வேணாம் தாயி. ரம்பத்த எடுக்காதீங்க. உங்க காலப் புடிக்கிறேன். அறுத்தா கருப்புத் தெரியும், தெரிஞ்சா மொதலாளி கேப்பாரு, கேட்டா நான் சொல்லிருவேன். என்னால இனிமே அடக்க முடியாது. நீங்க பாக்கலன்னு எழுதிட்டுப் போயிருங்க. திங்கக்கெழமை எப்படியும் மிசினு வந்து எல்லாத்தையும் புடுங்கப் போகுது. இருபத்திரெண்டு வரிசையும். புடுங்குனா யாருக்கும் எதுவும் தெரியாது.

ஒரு கையை மட்டுமா? அடியில இல்லையா? அந்த வரிசையா. வேணாம், அது வேணாம், அந்தக் கொடியிலதான் அன்னைக்கு மொத மொதலாப் பூசுனது.

சரி. அறுங்க. நான் அங்கிட்டுத் திரும்பி நின்னுக்கிறேன்.

அறுத்துட்டீங்களா. என்ன இருக்கு? சொல்லுங்க.

வெள்ளையா?

கொண்டாங்க. வெளிச்சத்துல புடிங்க. இது... ஒரு புள்ளிகூட இல்லையே. மோந்து பாத்தா பச்சை வாசம்தான் வருது. இது நல்ல கையாப் பாத்து அறுத்திருப்பீங்க. அடுத்த வரிசையில ஒண்ணு அறுங்க. இல்ல வேணாம். இருங்க, இருங்க, மொதல்ல இந்த வெட்ட மூடணும். அந்தக் குவளைய எடுங்க, உங்க காலுக்குப் பக்கத்துல. நீங்க ரம்பத்தோட வருவீங்கன்னு மொதலாளி நேத்தே சொன்னாரு. அதான் வெடியறதுக்குள்ள கரைச்சு வச்சேன். ஆமா, நெச மருந்துதான். அருவாள முக்கிப் பாத்துக்கங்க. கொஞ்சம் அந்தக் கம்பியத் தாழ்த்திப் புடிங்க தாயி. ம், மூடிருச்சு. இந்த ஓரத்துல ஒரு சொட்டு. இப்பச் சரி.

இன்னொருக்கச் சொல்லுங்க, எனக்கு மண்டையில ஏற மாட்டேங்குது. நாடா கட்டுனது புடுங்குறதுக்கு இல்லையா? நல்லா இருக்குற கொடின்னு அடையாளத்துக்கா. அப்ப மேட்டுப் பக்கத்துக்கு இங்கருந்து போகல. அங்க மழையில வெட்டுனது, ஒருக்காப் பூசிட்டு விட்டது, பக்கத்துலயே அந்தக் குமியல். சரி. அப்ப அந்த ரெண்டு நாள் மழை? உள்ள எறங்கியே இருந்தாலும் நான் பெறகு ஒரு சாண் ஒரு சாணா வெட்டி எறிஞ்சதுல போயிருக்குமா. போயிருக்கும்னு சொல்றீங்க. போயிருச்சுன்னு சொல்லல. இல்ல, கொறை சொல்லல, உங்க வாயிலருந்து வர்ற சொல்ல அப்படியே வாங்கிக்கிறேன்.

மத்த பொம்பளைகளுக்கு நான் சொல்லிக் குடுக்கணுமா? என்னத்த தாயி சொல்லிக் குடுக்க? பூசத்தான் அவளுகளுக்கு எல்லாருக்கும் தெரியுமே. நான் பயத்துல பூசுனேன். பயந்துக்கிட்டே வெட்டுனேன், பயந்துக்கிட்டே சுள்ளி பொறுக்குனேன். நாலு வருசம் ஒரு நாள் நிம்மதியாத் தூங்கல. அதை எப்படி ஒருத்திக்குச் சொல்லிக் குடுக்குறது?

மொதலாளிகிட்ட நீங்களே சொல்லிருங்க. இந்த ஆறு வரிசையையும் புடுங்க வேணாம்னு சொல்லுங்க, மேட்டுலயும் அடியில வெள்ளையா இருக்குறதக் காப்பாத்தலாம்னு சொன்னீங்களே, அதையும் சொல்லுங்க. நீங்க படிச்சவுக, கேப்பாரு. காலையிலயே சொல்லிட்டீங்களா? ஓடை ஈரத்துலதான் பச்சையா இருக்குன்னு சொல்லிட்டாரா. அவரு அப்படித்தான் சொல்லுவாரு. உள்ள வந்து இந்தக் கட்டையப் பாத்தா நம்புவாரு. உள்ள வர மாட்டேங்குறாரா.

ஏன் வர மாட்டாருன்னு எனக்குத் தெரியும் தாயி.

நீங்க இந்த அறுத்த கட்டைய எடுத்துக்கிட்டுப் போயிக் காமிங்களேன். ஒரு கட்டை பத்தாதா. ஆறு வரிசையும் அவரு கண்ணால பாக்கணும், நாலு வருசமா என்னென்ன செஞ்சதுன்னு ஒண்ணு விடாமக் கேக்கணும், அப்பதான் மிசினுக்காரன வர வேணாம்னு சொல்லுவாரு. ஒண்ணு விடாமன்னா அந்த நீலமும் சேத்துத்தான. பாம்பச் சொல்லுவேன், சுள்ளியச் சொல்லுவேன், கத்திரியச் சொல்லுவேன். அந்த நீலத்த மட்டும் விட்டுருவோமா?

நீங்க எழுதுறத நிப்பாட்டிட்டீங்க.

அந்தா வர்றாரு பாருங்க. துண்டத் தலையில போட்டுக்கிட்டு. எப்படி எளைச்சுப் போயிட்டாரு. வந்து வரப்புலயே நிப்பாரு, ஒரு அடி எடுத்து வைக்க மாட்டாரு. பாருங்க, நின்னுட்டாரு. தாயி, கொஞ்சம் என் பக்கத்துல நில்லுங்க, போயிராதீங்க.

மொதலாளி. உள்ள வாங்க மொதலாளி. ஆமா, நான்தான், குருவம்மா. இல்ல, கம்பு வேணாம். கம்பெல்லாம் வேணாம், நீங்க சும்மா வாங்க. பாம்பு இல்ல. இன்னைக்கு மட்டும் இல்ல மொதலாளி, என்னைக்குமே இல்ல. நான்தான் பொய் சொன்னேன். வாங்க, வந்து இங்கன நில்லுங்க. இன்னும் ஒண்ணு சொல்லணும்.